‘இல்லை’னு சொல்ல எத்தனை மாசச் செலவு கையில இருக்கணும்?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை மாற்றவில்லை. திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் எடுத்திருக்கிறோம்.)

இன்னைக்கு என் தொழிலைப் பத்திப் பேசப் போறேன். சின்னதா ஒரு பி.ஆர். நிறுவனம். மக்கள் தொடர்புன்னு தமிழ்ல சொல்லலாம். ஆனா எங்க ஊர்ல யார்கிட்டயும் அப்படிச் சொன்னா கலெக்டர் ஆபீஸ்ல வேலையான்னு கேப்பாங்க. அதனால பி.ஆர்.னே வச்சுக்குவோம். மொத்தம் மூணு பேர். நான், எழுதுறதுக்கு ஒரு தம்பி, டிசைனுக்கும் சோசியல் மீடியாவுக்கும் ஒரு பொண்ணு. ஆபீஸ் கோவில்பட்டியில, வீடு மணியாச்சியில.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலையில ஆறேகால் மணி இருக்கும். மணியாச்சி ஸ்டேஷன்ல கோவில்பட்டி போற வண்டிக்காக நின்னுட்டு இருந்தேன். போன் அடிச்சது. எங்க கிளையன்ட், தீப்பெட்டி யூனிட் வச்சிருக்கிற ஒரு அண்ணாச்சி.

“ஏம்மா, ராத்திரி நம்ம குடோன்ல லோடு ஏத்தும்போது தீப்பிடிச்சிருச்சு. ரெண்டு பேருக்குக் காயம். பேப்பர்ல டிவியில ஒண்ணும் வராமப் பாத்துக்கிடும்மா. அதுக்குத்தான உன்னைய வச்சிருக்கோம்?”

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனிங்க. ‘அதுக்குத்தான உன்னைய வச்சிருக்கோம்?’ இந்தத் தொழிலைப் பத்தி வெளியில இருக்கிற எல்லாத் தப்பான எண்ணமும் அதுக்குள்ள இருக்கு. அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்ங்கிறதைக் கடைசியில சொல்றேன். அது எனக்குப் பெருமையான விஷயம் இல்ல. ஆனா அது புரியணும்னா முதல்ல இந்தத் தொழில் எப்படி ஓடுதுன்னு தெரியணும்.

1906, அக்டோபர்

விளம்பரம் வேற, பி.ஆர். வேற. விளம்பரத்துல நீங்க இடத்தைக் காசு கொடுத்து வாங்குறீங்க. அதுல என்ன வரணும்னு நீங்கதான் முடிவு பண்ணுவீங்க. பி.ஆர்.ல இடம் உங்களுது இல்ல. ஒரு நிருபர், இது செய்தின்னு அவரா முடிவு பண்ணாத்தான் அது வரும். அவர் அப்படி முடிவு பண்ணத் தேவையான தகவலைச் சரியா, நேரத்துக்கு, பொய் இல்லாமக் கொண்டுபோய்க் கொடுக்கிறதுதான் எங்க வேலை.

இதுக்கு ஒரு ஆரம்பக் கதை உண்டு. 1906 அக்டோபர் 28, அமெரிக்காவுல அட்லாண்டிக் சிட்டி பக்கத்துல ஒரு ரயில் பாலத்துல இருந்து தண்ணிக்குள்ள விழுந்துச்சு. ஐம்பதுக்கு மேல சாவு. அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளோட வழக்கம், விபத்தை மூடி மறைக்கிறது. பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனிக்கு வேலை பார்த்த ஐவி லீ என்கிறவர் நேர்மாறாச் செஞ்சார். நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார், நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போகவும் ஏற்பாடு பண்ணினார். உலகத்தோட முதல் பிரஸ் ரிலீஸ்னு பாடப் புத்தகங்கள்ல இதைத்தான் சொல்றாங்க.

அதே 1906 அக்டோபர்ல, மணியாச்சியில இருந்து கிளை பிரியுற ரயில் பாதை போய் முடியுற தூத்துக்குடியில, வ.உ.சி. தன்னோட சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு பண்றார். அவரோட ஒட்டப்பிடாரம் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய்னு 40,000 பங்கு. அதை விக்க அவர்கிட்ட இருந்த பெரிய கருவி பேச்சும் பயணமும்தான். ‘இது நம்ம கப்பல்’னு ஜனங்களை நம்ப வச்சார். கூட்டமும் வந்துச்சு.

எதிர்ல இருந்த பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி என்ன பண்ணுச்சு? கட்டணத்தைக் குறைச்சுது. இன்னும் குறைச்சுது. கடைசியில இலவசமாவே ஏத்திக்கிறோம், கூட ஒரு குடையும் தர்றோம்னு சொன்னதாச் சொல்லுவாங்க. அப்படியும் ஜனங்க வ.உ.சி. பக்கம் நின்னாங்க. ஆனா கம்பெனி நடத்த ஜனங்களோட நம்பிக்கை மட்டும் போதாதே. கையில ஓட்டத்துக்குப் பணம் வேணும். 1908ல அவரைக் கைது பண்ணினாங்க, 1911ல கம்பெனியே கலைஞ்சு போச்சு. அதே 1911 ஜூன் 17, வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது நான் போன் பேசிட்டு நின்ன இந்த ஸ்டேஷன்லதான். ஸ்டேஷன் பேரே இப்போ வாஞ்சி மணியாச்சி.

வ.உ.சி. கதையில இருந்து நான் எடுத்துக்கிட்டது ஒண்ணு. நம்பிக்கையைச் சம்பாதிக்கிறது ஒரு வேலை, அந்த நம்பிக்கையைக் காப்பாத்துற அளவுக்குக் கையில பணம் வச்சிருக்கிறது இன்னொரு வேலை. சின்ன பி.ஆர். நிறுவனத்தோட தினசரிப் பிரச்சினை எல்லாமே இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் இருக்கு.

“எப்ப பேப்பர்ல வரும்?”

முதல் பிரச்சினை இது. கிளையன்ட் கேக்குற முதல் கேள்வியே “இந்த மாசம் எத்தனை பேப்பர்ல போட்டுருவீங்க?” போட்டுருவீங்கல்லான்னு ஒரு ‘ல்லா’ வேற சேர்த்துக் கேப்பாங்க. இத்தனைன்னு வாக்குக் கொடுத்தா நீங்க பொய் சொல்றீங்க. ஏன்னா அந்த இடம் உங்ககிட்ட இல்ல. கொடுக்கலைன்னா, கொடுக்கிற இன்னொருத்தர்கிட்ட அவர் போயிருவார்.

நான் வாக்குக் கொடுக்கிறது வேற. மாசத்துக்கு ரெண்டு செய்தியாவது தயார் பண்ணுவேன். ஒவ்வொண்ணையும் சரிபார்ப்பேன். சரியான ஆளுக்கு, சரியான நேரத்துல அனுப்புவேன். வந்தாலும் வராட்டாலும் ஏன்னு சொல்லுவேன். அவ்வளவுதான்.

எது செய்தின்னு புரிய வைக்கிறதுதான் பெரிய பாடு. முதலாளிக்குப் பேரன் பிறந்தது செய்தி இல்ல. புது மெஷின் வாங்கினதும் தனியாப் பார்த்தா செய்தி இல்ல. ஆனா 2021 டிசம்பர்ல தீப்பெட்டி விலை 1 ரூபாயில இருந்து 2 ரூபாய் ஆச்சு பாருங்க, அது செய்தி. 14 வருஷம் ஏறாத விலை. டெல்லி வரைக்கும் பேப்பர்ல வந்துச்சு. அதே மாதிரி 2023 ஜூன்ல 20 ரூபாய்க்குக் கீழ விலை உள்ள சிகரெட் லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. அன்னைக்குத் தீப்பெட்டித் தொழில்ல இருக்கிற யார் பேசினாலும் நிருபர் கேப்பார். அந்த ஒரு நாளுக்காகத் தரவும் படமும் பேசக்கூடிய ஒரு ஆளும் முன்னாடியே தயாரா இருக்கணும். பி.ஆர்.ல பாதி வேலை அப்படிக் காத்திருக்கிறதுதான்.

இன்னொரு உதாரணம் கோவில்பட்டி கடலை மிட்டாய். 2020ல புவிசார் குறியீடு கிடைச்சது. கிடைச்ச சூட்டுல சில கடைக்காரங்க கேட்டாங்க, “எங்க கடைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருக்குன்னு ஒரு செய்தி கொடுங்க.” அந்தக் குறியீடு எந்தக் கடைக்கும் தனியாக் கிடைக்கல. அந்த ஊர்ல, சொன்ன முறைப்படி செய்யுற பண்டத்துக்குக் கிடைச்சது. விண்ணப்பிச்சது உற்பத்தியாளர் சங்கம். 1999 சட்டப்படி, தனித்தனி உற்பத்தியாளர் அங்கீகாரம் பெற்ற பயனாளரா பதிவு செஞ்சுக்கணும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காம நான் ஒரு பிரஸ் ரிலீஸ் அனுப்பினேன்னு வைங்க. மறுநாள் பக்கத்துக் கடைக்காரர் நிருபருக்குப் போன் போடுவார். போற மானம் என்னோடது மட்டும் இல்ல, அதை நம்பிப் போட்ட நிருபரோடதும்தான்.

நிருபரைப் பத்திச் சொல்லணும். எங்க பகுதியில நிறைய பேர் முழுநேரச் சம்பளக்காரங்க கிடையாது. செய்திக்கு இவ்வளவுன்னு வாங்குறவங்க. ஒரே நாள்ல கோர்ட், கோயில் கொடை, விபத்து, குறைதீர் கூட்டம் எல்லாத்துக்கும் ஓடுறவங்க. அவங்களுக்கு நான் செய்யக்கூடிய பெரிய உதவி, அவங்க நேரத்தை மிச்சம் பண்றது. மதியத்துக்குள்ள அனுப்பணும். தமிழ்ல, ஒரு பக்கத்துக்குள்ள. படத்துல இருக்கிறவங்க பேர் இடமிருந்து வலமாச் சரியா இருக்கணும். சந்தேகம் கேட்டா எடுக்கிற போன் நம்பர் இருக்கணும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பத்து போட்டோவை வாட்ஸ்அப்ல தட்டிவிட்டு “அண்ணே, நாளைக்கே வந்துரணும்ணே”னு சொல்றது பி.ஆர். இல்ல, தொல்லை.

கவர்

இளைய பசங்க என்கிட்ட ரகசியமாக் கேக்குற கேள்வி, “கவர் கொடுக்கணுமா?” கவர்னா பணம் வச்ச உறை.

இது சின்ன ஊர்ப் பழக்கம் மட்டும் இல்ல. காசு வாங்கிக்கிட்டு செய்தி மாதிரி போடுறது நாடு முழுக்க எவ்வளவு பெரிய பிரச்சினைன்னு பிரஸ் கவுன்சில் ஆஃப் இந்தியா 2010லயே ஒரு அறிக்கை கொடுத்துச்சு. நான் கவர் கொடுக்கிறது இல்ல. அதுக்கு ஒழுக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் சுத்தமான வியாபாரக் கணக்கு. காசுக்கு வர்ற செய்தியில எனக்கு வேலையே இல்ல. கிளையன்ட் நேராவே கொடுத்துக்கலாமே, நடுவுல நான் எதுக்கு? தவிர, இன்னைக்கு ஆயிரத்துக்கு வந்த செய்திக்கு எதிர்ச் செய்தி நாளைக்கு ரெண்டாயிரத்துக்கு வரும்.

காசு கொடுத்து இடம் வேணும்னா நேர்மையா விளம்பரம் கொடுங்க. இன்ஸ்டாகிராம் இன்ஃப்ளுயன்சரும் அப்படித்தான். 2021ல இந்திய விளம்பரத் தர நிர்ணய அமைப்பு, அதான் ஆஸ்கி, தெளிவாச் சொல்லிட்டாங்க. காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கிட்டுப் போடுற பதிவுல அது விளம்பரம்னு தெரியுற மாதிரி குறிப்பிடணும். “அதைப் போட்டா யாரும் பாக்க மாட்டாங்களே”ன்னு கிளையன்ட் சொல்லுவார். போடாம மாட்டினா பாப்பாங்க, அப்போ ரொம்ப நல்லாவே பாப்பாங்க.

எதை வச்சு அளக்கிறது?

மாசக் கடைசியில ரிப்போர்ட் கொடுக்கணும். பழைய வழக்கம் ஒண்ணு இருக்கு. செய்தி வந்த இடத்தை ஸ்கேல் வச்சு அளந்து, அதே இடத்துக்கு விளம்பரம் கொடுத்தா எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டு, “உங்களுக்கு மூணு லட்சம் ரூபாய் மதிப்புக்குச் செய்தி வாங்கிக் கொடுத்தோம்”னு சொல்றது. விளம்பரச் சம மதிப்புன்னு பேரு. கேக்க இனிப்பா இருக்கும். 2010ல பார்சிலோனாவுல பி.ஆர். அளவீட்டு அமைப்புகள் கூடி, இது பி.ஆர். மதிப்பே இல்லன்னு கொள்கையாவே எழுதி வச்சிட்டாங்க. ஆனா எங்க கிளையன்ட் யாரும் பார்சிலோனா போகலையே. அவங்க இன்னும் ஸ்கேலோடதான் உக்காந்திருக்காங்க.

நான் இப்போ மூணே விஷயம் எழுதிக் கொடுக்கிறேன். செய்தியில தகவல் சரியா வந்துச்சா? அதைப் பார்த்து யாராவது கூப்பிட்டாங்களா? அடுத்த தடவை நிருபர் தானாக் கூப்பிட்டாரா? மூணாவதுதான் எனக்கு முக்கியம். நிருபரே கூப்பிட ஆரம்பிச்சா அந்தக் கிளையன்டுக்கு ஒரு பேர் உண்டாயிருச்சுன்னு அர்த்தம். ஆனா அதுக்கு ஒரு வருஷம் ஆகும். கிளையன்டோட பொறுமை மூணு மாசம்தான்.

மானாவாரிக் கணக்கு

இப்போ பணத்துக்கு வருவோம். கொஞ்சம் நம்பர் வரும், ஆனா இதை விட்டா அந்தக் காலை போன்கால் புரியாது.

மாசம் 40,000 ரூபாய்க்கு ஒரு கிளையன்ட்னு வைங்க. சேவைத் தொழில்ல பொதுவா வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினா ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். எங்களுக்கு 18 சதவீதம். 40,000க்கு 7,200. பில் தொகை 47,200. கிளையன்ட் பணம் கொடுக்கும்போது, தொழில்முறைக் கட்டணம்னு 10 சதவீதம் டிடிஎஸ், 4,000 பிடிச்சுக்குவார். பேங்க்ல வர்றது 43,200. அதுல 7,200 அரசாங்கத்தோடது. எனக்கு நிக்கிறது 36,000. அந்த 4,000 வருமான வரிக் கணக்கு காட்டின பிறகு சரிக்கட்டிக்கலாம், ஆனா இன்னைக்குக் கையில இல்ல.

இது அவர் ஒழுங்காக் கொடுத்தா. கொடுக்கலைன்னா? ஏப்ரல்ல பில் போட்டா, மாசாமாசம் தாக்கல் பண்றவங்க மே 20க்குள்ள அந்த 7,200ஐக் கட்டணும். கிளையன்ட் ஜூலையில பணம் கொடுத்தாலும் சரி, கொடுக்காமலே போனாலும் சரி. வராத பணத்துக்கு என் கையில இருந்து வரி. மூணு மாசம் பாக்கி வச்சார்னா 21,600 ரூபாய். அது என் ஆபீஸ்ல ஒருத்தரோட ஒரு மாசச் சம்பளத்துக்குப் பக்கத்துல வரும்.

சட்டம் நம்ம பக்கம் இல்லாம இல்ல. உத்யம்ல பதிவு பண்ணுங்க, இலவசம்தான். 2006 சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாளுக்குள்ள, இல்லன்னா 15 நாளுக்குள்ள பணம் கொடுக்கணும். தாண்டினா ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதம் மாதிரி மூணு மடங்கு, மாதக் கூட்டு வட்டி. ஆன்லைன்ல புகார் கொடுக்கலாம். 2023 பட்ஜெட்ல வருமான வரிச் சட்டத்துலயும் ஒரு பிடி வச்சாங்க. அந்தக் கெடுவைத் தாண்டி பாக்கி வச்சா, பணத்தைக் கொடுக்கிற வரைக்கும் அதைச் செலவாக் காட்டி வரிக் கழிவு வாங்க முடியாது. மார்ச் மாசம் இந்த ஒரு வரியைக் கிளையன்டோட ஆடிட்டருக்கு மரியாதையா ஞாபகப்படுத்துங்க. நாலு தடவை கெஞ்சுறதை விட அது வேலை செய்யும்.

ஆனா உண்மையைச் சொல்லணும்ல. இருக்கிறதே அஞ்சு கிளையன்ட், எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம் இல்லன்னா பழக்கம். இந்த ஊர்ல யார் மேல போய்ப் புகார் கொடுப்பீங்க?

எங்க கரிசல் பூமி மானாவாரி. கம்போ உளுந்தோ விதைச்சிட்டு வானத்தைப் பார்த்துட்டு உக்காரணும். கிணறு இருக்கிற சம்சாரி கொஞ்சம் தைரியமாப் பேசுவார், இல்லாதவர் எல்லாருக்கும் தலையாட்டுவார். சின்ன நிறுவனமும் அதேதான். கையிருப்புதான் கிணறு.

அந்தக் காலைக்கு வருவோம்

அன்னைக்கு என்கிட்ட கிணறு இல்ல. அந்த அண்ணாச்சிதான் எங்க வருமானத்துல கிட்டத்தட்ட பாதி. மூணு மாசம் பாக்கி வேற.

ரயில் கடம்பூர் தாண்டுறதுக்குள்ள எனக்கு வாட்ஸ்அப்ல மூணு குரூப்ல இருந்து செய்தி வந்திருச்சு. ‘தீ விபத்து, 5 பேர் பலி.’ பழக்கமான நிருபர் ஒருத்தர் கூப்பிட்டார். அவருக்குத் தீயணைப்பு நிலையத்துல இருந்து ராத்திரியே தெரிஞ்சிருச்சு. இதைத்தான் கிளையன்டுங்க புரிஞ்சுக்கிறது இல்ல. ஒரு விபத்து நடந்தா தீயணைப்பு, போலீஸ், அரசு ஆஸ்பத்திரின்னு மூணு இடத்துல பதிவாகுது. நிருபர்கிட்ட மூணு இடத்து நம்பரும் இருக்கு. ‘வராமப் பாத்துக்கிடுறது’ன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நம்ம வாய் மூடினா, அந்த இடத்துல ‘5 பேர் பலி’ வந்து உக்காரும்.

ஆபீஸ் போகாம நேரா அவர் இடத்துக்குப் போனேன். நாலு வரியில ஒரு அறிக்கை எழுதினேன். எத்தனை மணிக்கு என்ன நடந்துச்சு. காயம்பட்டது ரெண்டு பேர், உயிரிழப்பு இல்ல. எங்க சிகிச்சை நடக்குது, செலவு யாரோடது. விசாரணைக்கு ஒத்துழைக்கிறோம். அண்ணாச்சி பேசாம இருந்தார். பக்கத்துல உக்காந்திருந்த சொந்தக்காரர், “யாருக்கும் காயம் இல்லன்னு போடு”ன்னார். முடியாதுன்னுட்டேன். “அப்புறம் உனக்கு எதுக்கும்மா மாசச் சம்பளம்?”

அந்த நேரத்துல என் மண்டைக்குள்ள ஓடினது கொள்கை இல்ல. அஞ்சாம் தேதி ரெண்டு பேருக்குச் சம்பளம். இருபதாம் தேதி ஜிஎஸ்டி. மூணு மாசப் பாக்கி. ஒரு நிமிஷம் கழிச்சு, ‘காயம்’ங்கிற வார்த்தைக்கு முன்னாடி ஒரு வார்த்தை சேர்த்தேன். ‘லேசான காயம்.’ எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. அனுப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்கு நான் போகல. போய்ப் பாத்திருந்தா எழுதியிருக்க முடியாது. அதனாலதான் போகலையோன்னு இப்போ தோணுது.

மறுநாள் பேப்பர்ல ‘இருவருக்கு லேசான காயம்’னு வந்துச்சு. ‘5 பேர் பலி’ புரளி அடங்குச்சு. அண்ணாச்சி போன் போட்டு “கெட்டிக்காரிம்மா”ன்னார்.

சாயங்காலம் அந்த நிருபர் கூப்பிட்டார். “ஆஸ்பத்திரி போயிருந்தேன். ஒருத்தருக்கு வலது கை முழுக்க வெந்துருக்கு. நீங்க சொன்னீங்களேன்னு எழுதிட்டேன்.” கோபமாப் பேசல. அதான் கஷ்டமா இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி அந்தப் பேப்பரை மடிச்சு வச்சிருந்தாங்க. “லேசான காயம்னு போட்டுருக்காவளே, இதைக் காட்டி நஷ்ட ஈட்டைக் குறைச்சிருவாங்களாம்மா?” நான் எழுதின வார்த்தைன்னு அவங்களுக்குத் தெரியாது. நான் சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லல.

அன்னைக்கு ராத்திரியே காயத்தோட விவரத்தைச் சரியா எழுதி, முந்தின அறிக்கையில தப்பு இருந்துச்சுன்னு என் பேர்லயே எல்லாருக்கும் அனுப்பினேன். அந்த நிருபர் ரெண்டு வரி திருத்தம் போட்டார். அண்ணாச்சி மறுநாளே என்னை நிறுத்திட்டார். மூணு பில்லுல ஒண்ணுக்குத்தான் பணம் வந்துச்சு. நிருபர் என் போனை எடுக்க நாலு மாசம் ஆச்சு.

ஐவி லீ கதையில நான் சொல்லாம விட்ட பாகம் ஒண்ணு இருக்கு. விபத்துக்கு உண்மையைச் சொன்ன அதே ஆள், 1914ல லட்லோ சுரங்கத் தொழிலாளர் படுகொலைக்கு அப்புறம் ராக்ஃபெல்லருக்காக வேலை பார்த்தார். அப்போ அவர் விட்ட வெளியீடுகள்ல தொழிற்சங்கத் தலைவர்கள் வாங்கின சம்பளத்தைப் பல மடங்கு கூட்டிக் காட்டின தப்பான கணக்கெல்லாம் வந்துச்சு. கிளையன்ட் கொடுத்ததைச் சரிபார்க்காம அனுப்பினார். ‘எங்க வேலை வெளிப்படையானது, தகவல் துல்லியமா இருக்கும்’னு 1906லயே கொள்கை எழுதி வச்சவர் அவர். கொள்கை எழுதினவருக்கே அப்படின்னா, கையில ஒரு மாசச் செலவுக்குப் பணம் இல்லாத நான் எம்மாத்திரம்னு அப்போ என்னை நானே சமாதானப்படுத்திக்கிட்டேன். அவருக்குப் பணக் கஷ்டம் கிடையாதுன்னு அப்புறம்தான் உறைச்சுது. அப்போ கையிருப்பு மட்டும் உங்களைக் காப்பாத்தாது. ஆனா கையிருப்பு இல்லாம ‘இல்லை’னு சொல்ற தெம்பு வர்றது ரொம்பக் கஷ்டம்.

இப்போ என்ன செய்றேன்

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான்.

எந்த ஒரு கிளையன்டும் உங்க வருமானத்துல மூணுல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினா அவர் கிளையன்ட் இல்ல, முதலாளி.

மூணு மாசச் செலவு தனிக் கணக்குல இருக்கணும். அந்த இருப்பைச் சேர்க்க எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. ஜிஎஸ்டி பணம் இன்னொரு கணக்குல. அது உங்க பணமே இல்ல, கண்ணுல படக் கூடாது.

ஒப்பந்தத்துல ரெண்டு வரி சேருங்க. ஒண்ணு, பில் தேதியில இருந்து 30 நாள்ல பணம் வரலைன்னா வேலை நிக்கும். ரெண்டு, விபத்து, உயிர், உடல்நலம் சம்பந்தப்பட்ட எந்தத் தகவலையும் நாங்க நேர்ல சரிபார்க்காம வெளியிட மாட்டோம். கையெழுத்துப் போடும்போது யாரும் இதைப் படிக்கிறது இல்ல. ஆனா அந்த நாள் வரும்போது, “ஒப்பந்தத்துல இருக்கு அண்ணாச்சி”ன்னு சொல்றது, “என் மனசாட்சி ஒத்துக்கல”ன்னு சொல்றதை விடச் சுலபம்.

அப்புறம், அவசரத்துல எழுதின அறிக்கையில இருக்கிற பெயரடைகளை எல்லாம் ஒரு தடவை அடிச்சிட்டுப் படிச்சுப் பாருங்க. லேசான, சிறிய, வழக்கமான. ‘இருவருக்குக் காயம்’ போதும். நான் அன்னைக்குச் சேர்த்தது ஒரே ஒரு பெயரடைதான்.

போன மாசம் ஒரு புதுக் கிளையன்ட் வந்தார். நல்ல தொகை. “எத்தனை பேப்பர்ல போட்டுருவீங்க?”ன்னு கேட்டார். வாக்குக் கொடுக்க முடியாதுன்னேன். யோசிச்சுச் சொல்றேன்னு போனார், இன்னும் யோசிச்சுட்டு இருக்கார் போல. இந்த மாசம் எங்க தம்பி சம்பளம் அஞ்சாம் தேதியே போயிருச்சு. ஆகையால அவர் நிதானமா யோசிக்கட்டும்.

உங்க வேலையிலயும் இப்படி ஒரு ‘லேசான’ இருந்திருக்கும். எழுதி அனுப்புங்க, பேர் சொல்லாம அடுத்த எபிசோட்ல பேசலாம்.